துளை எப்போது உருவாகிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர், சோடியமும் பொட்டாசியமும் ஒரே மின்சுமை கொண்ட அயனிகளாக இருக்க, ஒரு வளைய மூலக்கூறு அவற்றில் ஒன்றை மட்டும் எவ்வாறு தேர்ந்து பிடிக்கிறது என்று கேட்டிருந்தார். வளையத்தின் துளையும் அயனியின் விட்டமும் பொருந்துவதே காரணம் என்று நான்கு வரிகளில் விடை எழுதியிருந்தேன். அந்த விடை அரைகுறையானது என்பதை இம்மாதம் வந்த கடிதங்கள் உணர்த்தின. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: 18-கிரவுன்-6 என்னும் வளையத்தின் துளை பொட்டாசியத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்று எழுதியிருந்தீர்கள். தனித்த நிலையில் அந்த மூலக்கூறில் துளையே கிடையாது என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். எது சரி?

பதில்: பேராசிரியர் சொல்வதே சரி. பாடநூல்களில் 18-கிரவுன்-6 அழகான கிரீடம்போல வரையப்படுகிறது: பன்னிரண்டு கார்பன்களும் ஆறு ஆக்சிஜன்களும் கொண்ட பதினெட்டு அணு வளையம், நடுவில் வெற்றிடம், அந்த வெற்றிடத்தை நோக்கித் திரும்பிய ஆறு ஆக்சிஜன்கள். இது பொட்டாசியம் உள்ளே வந்து அமர்ந்த பிறகு எடுத்த படம். அயனி இல்லாத படிகத்தை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தபோது வேறொரு வடிவம் தெரிந்தது. வளையம் நசுங்கி நீண்டிருக்கிறது. எதிரெதிரே உள்ள இரண்டு மெத்திலீன் தொகுதிகள் (ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜன்களும் கொண்டவை) உட்புறமாகத் திரும்பி, துளை இருக்க வேண்டிய இடத்தைத் தாமே நிரப்பியிருக்கின்றன. ஆக்சிஜன்களில் சில வெளியே பார்த்தபடி நிற்கின்றன. இயற்கை வெற்றிடத்தை விரும்புவதில்லை என்ற பழைய பேச்சு மூலக்கூறுகளின் அளவிலும் ஓரளவு மெய்தான்.

எனவே பொட்டாசியம் அயனி வரும்போது அதற்காக ஓர் அறை காலியாகக் காத்திருக்கவில்லை. மெத்திலீன்கள் விலக வேண்டும், பிணைப்புகள் சுழன்று ஆக்சிஜன்கள் அனைத்தும் உட்புறம் திரும்ப வேண்டும், அவற்றோடு ஒட்டியிருந்த கரைப்பான் மூலக்கூறுகள் விடைபெற வேண்டும். இத்தனைக்கும் ஆற்றல் செலவாகிறது. அந்தச் செலவு, அயனியைப் பிடிப்பதால் கிடைக்கும் ஆதாயத்திலிருந்துதான் கழிக்கப்படுகிறது. இந்தக் கணக்கைச் சொல்லாமல் துளைப் பொருத்தத்தை மட்டும் சொன்னது என் பிழை.

துளைப் பொருத்தம் என்ற விளக்கம் எங்கே வழுக்குகிறது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 15-கிரவுன்-5 வளையத்தின் துளை சோடியத்தின் அளவுக்கு ஏற்றது, பொட்டாசியத்துக்குச் சிறியது. அப்படியானால் அது சோடியத்தையே மிகவும் விரும்ப வேண்டும். மெத்தனால் கரைசலில் அளந்து பார்த்தால் இரண்டையும் ஏறக்குறைய ஒரே வலிமையில்தான் பிடிக்கிறது. பொட்டாசியமே சற்று முந்துகிறது. நெகிழும் வளையம் தன் அளவை மாற்றிக்கொள்ள வல்லது. பெரிய அயனியானால் துளைக்குச் சற்று மேலே அமர்த்திக்கொள்ளும், சிறியதானால் சுருங்கிச் சுற்றிக்கொள்ளும். எல்லாருக்கும் இடம் கொடுப்பவரிடம் தேர்வு எங்கிருந்து வரும்?

கேள்வி: ‘முன்னமைவு’ என்ற சொல்லைச் சில கட்டுரைகளில் காண்கிறேன். எந்த மூலக்கூறுக்கும் ஒரு வடிவம் இருக்கத்தானே செய்கிறது? முன்னமைந்த மூலக்கூறு என்று தனியே சொல்வதன் பொருள் என்ன?

பதில்: இந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தவர் அமெரிக்க வேதியியலாளர் டொனால்டு கிராம். உலோக அயனியை உள்வாங்கும் பெரிய மூலக்கூறை அவர் விருந்தோம்பி என்றும், உள்ளே வரும் அயனியை விருந்தினர் என்றும் அழைத்தார். (பழந்தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள் என்பதால், கரைசலில் புதிதாக வந்து சேரும் அயனிக்கு இந்தப் பெயர் தமிழில் கூடுதலாகவே பொருந்துகிறது.) பிணைப்பு நிகழ்வதற்கு முன்பே விருந்தோம்பி எந்த அளவுக்குப் பிணைப்புக்கு உரிய வடிவில் இருக்கிறதோ, எந்த அளவுக்குக் கரைப்பானின் பிடியில் சிக்காமல் இருக்கிறதோ, அந்த அளவுக்கு அதன் அணைவு (விருந்தோம்பியும் விருந்தினரும் சேர்ந்த அமைப்பு) நிலைபெறும் என்பது அவர் வகுத்த கோட்பாடு. இதுவே முன்னமைவு.

எந்த மூலக்கூறுக்கும் வடிவம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஒற்றைப் பிணைப்புகள் நிறைந்த மூலக்கூறுக்கு ஒரு வடிவம் அல்ல, நூற்றுக்கணக்கான வடிவங்கள் உண்டு. அறை வெப்பநிலையில் அது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடையறாது மாறிக்கொண்டிருக்கும். அவற்றுள் ஒன்றோ இரண்டோதான் அயனியைப் பிடிக்கத் தக்கவை. முன்னமைந்த மூலக்கூறு என்பது, மற்ற வடிவங்களுக்குப் போகவே இயலாதபடி கட்டப்பட்டது.

இதைக் கிராம் வெறும் கருத்தாக விட்டுவிடவில்லை. 1979-இல் அவருடைய குழுவினர் ஸ்பெராண்ட் என்ற மூலக்கூறை வெளியிட்டனர். ஆறு பென்சீன் வளையங்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பிணைந்து ஒரு பெரிய வளையமாகின்றன. ஒவ்வொரு பென்சீனிலிருந்தும் ஒரு மெத்தாக்சி தொகுதியின் ஆக்சிஜன் நடுவை நோக்கி நிற்கிறது. பென்சீன் வளையங்கள் வளையாதவை. அவற்றுக்கிடையே உள்ள பிணைப்புகளும் சுழல இடமில்லாதபடி நெருக்கமானவை. ஆகவே அந்த ஆறு ஆக்சிஜன்களும் எண்முகி ஒன்றின் ஆறு முனைகளில் நின்றபடி அசையாமல் இருக்கின்றன. மெத்தில் தொகுதிகள் மூன்று மேலும் மூன்று கீழுமாகத் திரும்பி, கரைப்பான் ஆக்சிஜன்களை எட்டாதவாறு மறைக்கின்றன. இங்கே அயனி வருவதற்கு முன்பே துளை மெய்யாகவே இருக்கிறது. வெற்று மூலக்கூறின் படிகத்தையும் அயனி ஏறிய படிகத்தையும் ஒப்பிட்டால் வடிவம் மிகச் சிறிதளவே மாறியிருக்கிறது.

இதற்கு இணையாக அவர்கள் மற்றொரு மூலக்கூறையும் உருவாக்கினார்கள். ஸ்பெராண்டின் அதே ஆறு அலகுகள், அதே ஆறு ஆக்சிஜன்கள்; ஆனால் வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் ஒரு பிணைப்பு இல்லை, அதற்குப் பதிலாக இரு முனைகளிலும் ஒவ்வொரு ஹைட்ரஜன். வளையம் திறந்து சங்கிலியாகிவிட்டது. தாளில் எழுதினால் இரண்டுக்கும் அதிக வேறுபாடு தெரியாது. ஆனால் அந்தச் சங்கிலிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் சாத்தியம் என்றும், அவற்றுள் இரண்டே அயனியை எண்முகியாகச் சூழத் தக்கவை என்றும் கிராம் கணக்கிட்டார். லித்தியத்தைப் பிடிக்கும் வலிமையில் வளையத்துக்கும் சங்கிலிக்கும் இடையே இருந்த வேறுபாடு லட்சம் கோடி மடங்குக்கும் மேல். இரண்டிலும் வழங்கி அணுக்கள் (தம் எலக்ட்ரான்களை நீட்டி அயனியைப் பிடிப்பவை) ஒன்றே, அவற்றின் எண்ணிக்கையும் ஒன்றே, அயனியும் ஒன்றே. ஒரே ஒரு பிணைப்பு இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கியது. வேதியியலில் இதைவிடத் தெளிவான ஒப்பீட்டுச் சோதனைகள் குறைவு என்பது என் எண்ணம்.

எண்களோடு உறவாட விரும்பும் வாசகர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 25 பாகை செல்சியசில் பிணைப்பு ஆற்றலில் மோலுக்கு 5.7 கிலோஜூல் கூடினால் நிலைப்பு மாறிலி (பிணைப்பின் வலிமையைக் காட்டும் எண்) பத்து மடங்காகும். பத்துமடங்கு பன்னிரண்டு முறை பெருகியதே லட்சம் கோடி. அதற்கு மோலுக்கு 68 கிலோஜூல் அளவு போதும். வலுவான ஹைட்ரஜன் பிணைப்புகள் சிலவற்றின் கூட்டுத்தொகைதான் அது. சங்கிலி தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளவும் கரைப்பானை உதறவும் செலவிடும் ஆற்றல் அவ்வளவு எளிதாக அந்த அளவை எட்டிவிடுகிறது.

ஸ்பெராண்டுக்கு இந்தச் செலவே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. தனி இணை எலக்ட்ரான்களைத் தாங்கிய ஆறு ஆக்சிஜன்களை ஒன்றுக்கொன்று அருகே நிறுத்துவது அவற்றின் விருப்பத்துக்கு மாறானது. அவை ஒன்றையொன்று விலக்கும். ஆனால் அந்த விலக்கத்துக்கு உரிய ஆற்றல், ஆய்வகத்தில் மூலக்கூறைக் கட்டியபோதே செலுத்தப்பட்டுவிட்டது. அயனி உள்ளே வரும்போது அந்த விலக்கம் தணிகிறது. செலவு மறைவதில்லை, அது பிணைக்கும் நேரத்திலிருந்து கட்டும் நேரத்துக்கு இடம் மாறுகிறது. முன்னமைவு என்பதை நான் புரிந்துகொண்டிருக்கும் விதம் இதுதான்.

எளிய எடுத்துக்காட்டு வேண்டுமானால், கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் இரண்டு பொருள்களைப் பாருங்கள். பைபிரிடீனில் இரண்டு நைட்ரஜன் வளையங்கள் ஓர் ஒற்றைப் பிணைப்பால் இணைந்திருக்கின்றன. தனித்த நிலையில் இரண்டு நைட்ரஜன்களும் எதிரெதிர்த் திசைகளை நோக்கியிருக்கும். பினாந்த்ரோலினில் அதே இரு வளையங்களை மூன்றாவது வளையம் பூட்டிவிடுவதால் நைட்ரஜன்கள் இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன. துத்தநாகத்தையும் நிக்கலையும் பினாந்த்ரோலின் சில பத்து மடங்கு வலுவாகப் பிடிக்கிறது.

கேள்வி: 18-கிரவுன்-6 போன்ற வளையங்களான கிரவுன் ஈதர்கள் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டவை என்பது உண்மையா?

பதில்: பாதி உண்மை. டுபான்ட் நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் பெடர்சன், 1960-களின் தொடக்கத்தில் வனேடியம் அயனியைப் பிடிப்பதற்காக ஒரு திறந்த சங்கிலி மூலக்கூறைத் தயாரித்துக்கொண்டிருந்தார். அவருடைய தொடக்கப் பொருளில் கேட்டகால் (இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட பென்சீன் சேர்மம்) ஏறக்குறைய பத்து விழுக்காடு மாசாகக் கலந்திருந்தது. வினை முடிந்தபோது, பட்டுபோன்ற இழைகளாகப் படிந்த வெள்ளைப் படிகங்கள் 0.4 விழுக்காடு அளவில் கிடைத்தன. வேறொருவராயிருந்தால் கழுவிக் கொட்டியிருப்பார். பெடர்சன் அதை மெத்தனாலில் இட்டார். அது சரியாகக் கரையவில்லை. சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்ததும் கரைந்தது. காரத்தன்மையே காரணம் என்று முதலில் தோன்றினாலும், காரத்தன்மையற்ற சோடியம் உப்புகளும் அதையே செய்தன. சோடியம் அயனி வளையத்துக்குள் அமர்கிறது என்ற முடிவுக்கு வருவதற்குத் தற்செயல் உதவவில்லை. அது முழுவதும் அவருடைய கூர்மை. மாதிரியுருவில் அந்த மூலக்கூறு அயனியின் தலையில் சூட்டிய கிரீடம்போலத் தெரிந்ததால் கிரவுன் என்று பெயரிட்டார். 1967-இல் கட்டுரை வெளிவந்தது. முனைவர் பட்டம் பெறாத பெடர்சன், கிராம், பிரெஞ்சு வேதியியலாளர் ழான்-மரி லேன் ஆகிய மூவரும் 1987-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

லேனின் பங்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1969-இல் அவர் வளையத்துக்குக் குறுக்கே மூன்றாவது பாலம் ஒன்றைக் கட்டி, அயனியை எல்லாப் பக்கமும் சூழும் கூண்டாக்கினார், அதுவே கிரிப்டாண்ட். ஒத்த வளையத்தைவிடக் கூண்டு பொட்டாசியத்தை ஏறக்குறைய லட்சம் மடங்கு வலுவாகப் பிடிக்கும். ஆனால் வெற்றுக் கூண்டுங்கூடச் சற்று நசுங்கி, தன் மெத்திலீன்களாலேயே உள்ளிடத்தை நிரப்பிக்கொள்வதுதான். முன்னமைவின் வரிசையில் திறந்த சங்கிலி கடைசியிலும், கிரவுன் அதற்கு மேலும், கிரிப்டாண்ட் அதற்கும் மேலும், ஸ்பெராண்ட் உச்சியிலும் நிற்கின்றன. பிணைப்பு வலிமையும் பெரும்பாலும் இதே வரிசையைப் பின்பற்றுகிறது.

கேள்வி: பெரிய அயனி சிறிய துளைக்குள் நுழைய முடியாது என்பது புரிகிறது. ஆனால் சிறிய சோடியம் பெரிய துளைக்குள் தாராளமாக நுழையலாமே? அதை எது தடுக்கிறது?

பதில்: நுழைவதை எதுவும் தடுக்கவில்லை; உள்ளே நுழைந்தால் அதற்கு நட்டம். கரைசலில் எந்த உலோக அயனியும் வெற்றுடலோடு உலவுவதில்லை. நீர் மூலக்கூறுகள் அதை நெருக்கமாகச் சூழ்ந்திருக்கின்றன. அயனி சிறிதாக ஆக அதன் மின்புலம் செறிந்து, நீரை இறுக்கமாகப் பற்றும். இவ்வாறு நீர் சூழும்போது வெளிப்படும் நீரேற்ற ஆற்றல் லித்தியத்துக்கு மோலுக்குச் சுமார் 520, சோடியத்துக்கு 405, பொட்டாசியத்துக்கு 320, சீசியத்துக்கு 260 கிலோஜூல் என்ற அளவில் இறங்கிக்கொண்டே வருகிறது. விருந்தோம்பிக்குள் வர விரும்பும் அயனி இந்த நீர்ப்போர்வையைக் களைய வேண்டும். களைந்ததற்கு ஈடாக உள்ளே இருக்கும் ஆக்சிஜன்கள் அதைத் தழுவ வேண்டும்.

பொட்டாசியத்துக்கான இடத்தில் சோடியம் அமர்ந்தால், ஆக்சிஜன்கள் அதிலிருந்து எட்ட நிற்கும். கூடுதலான விலையைக் கொடுத்துவிட்டுக் குறைவான வரவேற்பைப் பெறுவதைவிட நீரிலேயே இருப்பது அதற்கு மேல். விருந்தோம்பி நெகிழ்ச்சி உடையதானால் சோடியத்தை நோக்கிச் சுருங்கி அந்த நட்டத்தைச் சரிசெய்துவிடும். விறைப்பானதானால் சுருங்க முடியாது. ஆகவே பெரிய அயனியை வெளியே நிறுத்துவதைவிடச் சிறிய அயனியை வெளியே நிறுத்துவதில்தான் முன்னமைவின் தேவை கூர்மையாகத் தெரிகிறது.

வாலினோமைசின் என்ற இயற்கைப் பொருள் இதற்குச் சிறந்த சான்று. ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் இந்த முப்பத்தாறு அணு வளையம், தன் உட்புற ஹைட்ரஜன் பிணைப்புகளால் வளையல்போல விறைத்து நின்று, ஆறு கார்பனைல் ஆக்சிஜன்களைப் பொட்டாசியத்தின் அளவுக்கு ஏந்திப் பிடிக்கிறது. அந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் அதைச் சோடியத்தின் அளவுக்கு ஒடுங்க விடுவதில்லை. பொட்டாசியத்தைச் சோடியத்தைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு விரும்பும் இதன் இயல்பினால்தான், குருதியில் பொட்டாசியத்தை அளக்கும் மின்முனைகளின் படலத்தில் இதைச் சேர்க்கிறார்கள். சோடியம் மிகுந்த குருதியில் சிறிதளவே உள்ள பொட்டாசியத்தைக் குழப்பமின்றி அளக்க முடிகிறது. செல்சவ்வுகளில் உள்ள பொட்டாசியக் கால்வாயும் கார்பனைல் ஆக்சிஜன்களை வரிசையாக நிறுத்தியே தேர்வு செய்கிறது என்பதை ரோடெரிக் மெக்கினனின் குழு 1998-இல் அதன் கட்டமைப்பைத் தீர்த்துக் காட்டியது. 2003-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கேள்வி: அளவு பொருந்தினால் போதுமென்றால், ஒரே மூலக்கூறு எந்த உலோகத்தையும் பிடிக்குமா? வெள்ளி, ஈயம் போன்றவற்றுக்கும் இதே விதியா?

பதில்: இல்லை. வழங்கி அணு எது என்பதும் அதே அளவு முக்கியம். 18-கிரவுன்-6 வளையத்தில் இரண்டு ஆக்சிஜன்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நைட்ரஜன்களை வைத்தார்கள். துளையின் அளவு ஏறக்குறைய மாறவில்லை. மெத்தனாலில் பொட்டாசியத்தின் பிணைப்பு பத்தாயிரம் மடங்கு குறைந்தது. நீரில் வெள்ளியின் பிணைப்பு பத்து லட்சம் மடங்குக்கும் மேல் கூடியது. சோடியம், பொட்டாசியம் போன்ற காரவகை உலோகங்கள் ஆக்சிஜனை நாடுகின்றன. வெள்ளி, செம்பு, பாதரசம் போன்றவை நைட்ரஜனையும் கந்தகத்தையும் நாடுகின்றன. சரியான அளவில், தவறான அணுக்களைக் கொண்டு கட்டிய அறைக்குள் யாரும் வருவதில்லை.

மற்றொரு நுணுக்கம். அடுத்தடுத்த இரண்டு வழங்கி அணுக்களும் உலோகமும் சேர்ந்து உண்டாக்கும் சிறிய கொடுக்கு வளையத்தில் ஐந்து அணுக்கள் இருந்தால் பெரிய அயனிக்கும், ஆறு இருந்தால் சிறிய அயனிக்கும் வசதி. எல்லாமே ஐந்தணு வளையங்களாக அமைந்த கிரவுன் ஈதர்கள், தம் துளை சிறிதானாலும் பொட்டாசியத்தின் பக்கம் சாய்வதற்கு இது ஒரு காரணம். ஐந்தணு, ஆறணு வளையங்கள் மாறி மாறி வரும் 14-கிரவுன்-4 லித்தியத்தைப் பிரிப்பதற்கு ஏற்றதாக விளங்குவதற்கும் இதுவே துணைசெய்கிறது.

கேள்வி: விறைப்பான மூலக்கூறே வலுவாகப் பிடிக்கும் என்றால், எல்லாப் பயன்பாட்டுக்கும் ஸ்பெராண்டைப் போன்றவற்றையே பயன்படுத்தலாமே? இன்னும் கிரவுன் ஈதர்களும் மற்றவையும் ஏன் புழங்குகின்றன?

பதில்: மிக நல்ல கேள்வி, இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். வலுவாகப் பிடிப்பது மட்டுமே எல்லா நேரத்திலும் நோக்கமாக இருப்பதில்லை. விறைப்பான கூட்டுக்குள் அயனி நுழைவதற்கு வழி குறுகல். தன் நீர்ப்போர்வையை ஒவ்வொன்றாகக் களைந்தபடி நுழைவதற்கு உதவியாக விருந்தோம்பி வளைந்துகொடுக்காது. அதனால் பிணைப்பு மெதுவாக நிகழும். வெளியேறுவது அதைவிட மெதுவாக நிகழும். மின்முனைப் படலத்தில் இருக்கும் மூலக்கூறு அயனியைப் பிடித்து, அடுத்த கணம் விட்டு, மீண்டும் பிடிக்க வேண்டும். விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டால் அளவீடு நின்றுவிடும். வாலினோமைசின் ஓரளவு நெகிழ்வது குறையன்று. அதனால்தான் அது பயன்படுகிறது.

அணுக்கழிவைத் தூய்மைப்படுத்தும் பணியைப் பாருங்கள். அமெரிக்காவின் தென் கரோலைனாவிலுள்ள சவானா ரிவர் வளாகத்தில், அணு ஆயுதப் பொருள் தயாரிப்பில் எஞ்சிய கழிவு பெரிய தொட்டிகளில் கடுமையான காரக் கரைசலாகத் தேங்கியிருக்கிறது. அதில் கதிரியக்கத்தின் பெரும்பகுதிக்குக் காரணமான, 30 ஆண்டு அரைவாழ்வுடைய சீசியம்-137-ஐ மட்டும் பிரித்தெடுத்தால் மிஞ்சும் உப்பைக் கையாள்வது எளிதாகும். ஆனால் அந்தக் கரைசலில் சீசியத்தைவிடச் சோடியம் பல்லாயிரம் மடங்கு அதிகம். இதற்காக ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தினர் தேர்ந்துகொண்டது, காலிக்ஸ்அரீன் சட்டத்தில் இரண்டு கிரவுன் வளையங்களைப் பொருத்திய ஒரு மூலக்கூறு. நான்கு பென்சீன் வளையங்கள் மேலும் கீழுமாக மாறி மாறித் திரும்பிய நிலையில் சட்டம் நிலைப்படுத்தப்பட்டிருக்கிறது. கிரவுனின் ஆறு ஆக்சிஜன்கள் ஒரு பக்கமும், சட்டத்தின் இரண்டு பென்சீன்கள் மறுபக்கமும் சீசியத்தை அணைக்கின்றன. பென்சீனின் எலக்ட்ரான் முகிலோடு உறவாடப் பெரிதும் மென்மையுமான சீசியத்துக்கே வாய்க்கிறது. சோடியத்தைவிடச் சீசியத்தை இது பத்தாயிரம் மடங்குக்கும் மேல் விரும்புகிறது.

ஆனால் இந்த முறை தொழிலளவில் வென்றதற்கு அது மட்டும் காரணமன்று. பிடித்த சீசியத்தை அது விடவும் செய்கிறது. சீசியம் எண்ணெய்க் கரைப்பானுக்குள் நைட்ரேட்டைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வருகிறது. பிறகு அந்தக் கரைப்பானை மிக நீர்த்த நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்துக் கலக்கினால், நைட்ரேட் அரிதாக உள்ள அந்த நீரை நோக்கிச் சீசியம் திரும்பிவிடுகிறது. விலையுயர்ந்த மூலக்கூறு வெறுமையாகி அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது. 2008-இல் இந்த அடிப்படையில் அமைந்த ஓர் அலகு அங்கே இயங்கத் தொடங்கியது. பிடிப்பின் வலிமை சில மடங்குகள் கூடியிருந்தால் இந்தச் சுழற்சி நடந்திருக்குமா என்பது ஐயமே.

இதற்கு நேர்மாறான தேவையும் உண்டு. காந்த அதிர்வுப் படமெடுப்பில் (எம்.ஆர்.ஐ.) படம் தெளிவாகத் தெரிவதற்காக நோயாளியின் குருதியில் செலுத்தப்படும் காடோலினியம் என்ற உலோகம், தனி அயனியாக வெளிவந்தால் நச்சு. கால்சியத்தை ஒத்த அளவுடையதாகையால் கால்சியத்தின் இடங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். இங்கே விடாப்பிடியே வேண்டும். டிடிபிஏ என்ற திறந்த சங்கிலி ஈனியும் (ஈனி என்பது உலோகத்தைப் பிடிக்கும் மூலக்கூறு), டோட்டா என்ற ஈனியும் காடோலினியத்தைப் பிடிப்பதில் பெயர்பெற்றவை. டோட்டாவில் நான்கு நைட்ரஜன்கள் பன்னிரண்டு அணு வளையமாகி, நான்கு அசிட்டேட் கரங்களை நீட்டியிருக்கின்றன. சமநிலையில் அளந்தால் டோட்டாவின் பிணைப்பு சில நூறு மடங்குதான் கூடுதல். அது பெரிய வேறுபாடாகத் தோன்றாது. ஆனால் அயனி வெளியேறும் வேகத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தொலைவு. சங்கிலி ஒரு நுனியிலிருந்து சிறிது சிறிதாக அவிழலாம். வளையத்துக்கு அவிழ நுனி இல்லை. சிறுநீரகம் செயலிழந்த நோயாளிகளின் உடலில் மருந்து நெடுநேரம் தங்கும்போது இந்த வேறுபாடு வெளிப்பட்டது: தோலும் உறுப்புகளும் தடித்து இறுகும் ஒரு கொடிய நோய்க்கும் காடோலினிய மருந்துகளுக்கும் உள்ள தொடர்பு 2006-இல் சுட்டப்பட்டது, நோயாளிகளில் பெரும்பாலோர் சங்கிலி வகை மருந்துகளைப் பெற்றிருந்தனர். 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை சங்கிலி வகை மருந்துகள் பலவற்றின் உரிமத்தை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. ஆகவே ஒரு மூலக்கூறு எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கேள்வி: இயற்கையில் இதைவிட வலுவான பிடிப்பு உண்டா?

பதில்: உண்டு. ஈ. கோலை போன்ற நுண்ணுயிர்கள் இரும்புப் பஞ்சம் வரும்போது வெளியிடும் என்டெரோபாக்டின், இரும்பு அயனியை 10-இன் 49-ஆம் அடுக்கு என்ற நிலைப்பு மாறிலியோடு பிடிக்கிறது. மூன்று கேட்டகால் கரங்கள், செரின் என்ற அமினோ அமிலத்தால் ஆன ஒரு சிறிய வளையத்திலிருந்து ஒரே பக்கமாக நீண்டிருக்கின்றன. அதே கரங்களைச் செரின் வளையத்துக்குப் பதிலாகப் பென்சீன் வளையத்தில் பொருத்தி வேதியியலாளர்கள் செய்த போலி மூலக்கூறு, ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு வலிமை குறைந்ததாக அமைந்தது. கரங்களைவிடத் தோள்களே அங்கே வேலை செய்கின்றன. இவ்வளவு இறுகப் பிடித்த இரும்பை நுண்ணுயிர் எப்படி மீட்கிறது என்றால், செல்லுக்குள் கொண்டுபோனபின் அந்தச் செரின் வளையத்தை நொதியால் வெட்டிவிடுகிறது.

கேள்வி: துளையை முன்கூட்டியே கொண்ட மூலக்கூறைக் கட்டுவது எப்படி? கட்டும்போது அது நசுங்கிவிடாதா? நான் முதுநிலை வேதியியல் மாணவி.

பதில்: நீங்கள் அஞ்சுவதுதான் இந்தத் துறையின் நடைமுறைச் சிக்கல். கட்டுவதற்கு முன் கிராமும் அவருடைய மாணவர்களும் அணுக்களின் மெய்யான பருமனைக் காட்டும் மாதிரியுருக்களைக் கையால் பொருத்தி, எந்த வடிவம் தாங்கும், எது தாங்காது என்று பார்த்தார்கள். இன்று அதே வேலையைக் கணினி செய்கிறது. ஆனால் மாதிரியுருவில் எளிதாக மூடும் வளையம், குடுவையில் மூட மறுக்கும். சங்கிலியின் இரு நுனிகளும் ஒன்றையொன்று சந்திப்பதற்குள், அருகிலுள்ள வேறொரு சங்கிலியோடு பிணைந்து நீண்ட பாலிமராகிவிடும். வெகுவாக நீர்த்த கரைசலில் வினையை நடத்துவது ஒரு வழி.

இன்னொரு வழி, விருந்தினரையே கட்டுமானத்தின்போது உடன் வைத்துக்கொள்வது. 18-கிரவுன்-6 தயாரிப்பில் பொட்டாசியத்தைக் கொண்ட காரத்தைப் பயன்படுத்தினால், நீளும் சங்கிலி பொட்டாசியத்தைச் சுற்றி வளைந்து தன் நுனிகளைத் தானே அருகருகே கொண்டுவருகிறது. அயனி இங்கே வார்ப்பு அச்சாகிறது. ஸ்பெராண்டின் கடைசிப் படியிலும் பென்சீன் வளையங்களோடு லித்தியம் பிணைந்த சேர்மங்களை இரும்புச் சேர்மம் ஒன்றின் துணையால் இணைக்கிறார்கள். வளையம் மூடும்போதே கரைசலிலுள்ள லித்தியம் உள்ளே அகப்பட்டுக்கொள்கிறது. எனவே ஸ்பெராண்ட் பிறக்கும்போதே விருந்தினரோடுதான் பிறக்கிறது.

அந்த லித்தியத்தை வெளியேற்றிய பிறகே உங்களிடம் வெற்று ஸ்பெராண்ட் இருக்கும். முன்னமைவின் வலிமை இங்கே வேதியியலாளருக்கே எதிராக நிற்கிறது: அமிலமோ போட்டி அயனியோ எளிதில் உதவாது, ஸ்பெராண்டில் உள்ள ஈதர் ஆக்சிஜன்களைப் புரோட்டான் நெருங்குவதும் கடினம். லித்தியத்தின் மிகுந்த நீரேற்ற ஆற்றலையே துணையாகக் கொண்டு, அணைவை நீரும் மெத்தனாலும் கலந்த கரைசலில் மூடிய கலத்தில், கொதிநிலையைத் தாண்டி நெடுநேரம் சூடாக்குகிறார்கள். லித்தியம் குளோரைடு கரைசலில் தங்கிவிட, வெற்று ஸ்பெராண்ட் படிகமாக அடியில் இறங்குகிறது. நீங்கள் இதைச் செய்ய நேர்ந்தால், கழுவுவதற்குப் பயன்படுத்தும் கண்ணாடியிலும் வினைப்பொருள்களிலும் சோடியம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் ஒரு விருந்தினரை வெளியேற்றிய கையோடு மற்றொருவரை உள்ளே அனுப்பியிருப்பீர்கள்.